ஐம்பது டாலர் விளையாட்டும் அறுபத்து நாலாயிரம் டாலர் நாடகமும்

1957 ஜனவரி 27, ஞாயிறு இரவு பத்தரை மணி. நியூயார்க்கில் சிபிஎஸ் தொலைக்காட்சி அரங்கில் நான்கு பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓவியர் சால்வடார் டாலி உள்ளே வந்து கரும்பலகையில் சாக்கட்டியால் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார். அரங்கில் கைதட்டல் எழுந்தது. வந்திருப்பவர் யார் என்பதை நான்கு பேரும் கேள்வி கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். பதில் ஆம், இல்லை என்ற அளவில்தான் இருக்கலாம். எதைக் கேட்டாலும் டாலி அநேகமாக 'ஆம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எழுதுகிறவரா, மக்கள் முன் தோன்றுகிறவரா என்று எந்தத் திசையில் கேள்வி வந்தாலும் அதே பதில். நடத்துநர் ஜான் டேலி குறுக்கிட்டு, இந்த 'ஆம்' குழுவைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும் என்று திருத்த வேண்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு விடை முதலிலேயே தெரியும். தெரியாமல் தடுமாறியவர்கள் அந்த நான்கு பேர் மட்டும்தான்.

அதே வாரங்களில் திங்கள் இரவுகளில் என்பிசி அலைவரிசையில் வேறொரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சார்லஸ் வான் டோரன் என்ற இளைஞர், காதொலிப்பானை மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்பார். கேள்வி வந்ததும் உதட்டைக் கடிப்பார், நெற்றியைத் துடைப்பார், முணுமுணுப்பார், கடைசி நொடியில் விடையை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வருவார். நாடே அவரோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிப்ரவரி 11 தேதியிட்ட 'டைம்' இதழின் அட்டையில் அவர் முகம் வந்தது. கேள்விகளும் விடைகளும் நிகழ்ச்சிக்கு முன்பே அவரிடம் கொடுக்கப்பட்டிருந்தன. எந்த இடத்தில் தயங்குவது என்பதையும் ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

முதலாவது 'வாட்ஸ் மை லைன்?' 1950 பிப்ரவரியிலிருந்து 1967 செப்டம்பர்வரை ஓடியது. இரண்டாவது 'ட்வென்ட்டி ஒன்' 1956 செப்டம்பரில் தொடங்கி, இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஓடி, அவமானத்தில் முடிந்தது. இரண்டும் ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே மாதிரியான விளம்பரதாரர்களின் பணத்தில் உருவானவை. அப்படியிருக்க ஒன்று மட்டும் ஏன் அழுகியது? பேராசைக்காரத் தயாரிப்பாளர்கள், பலவீனமான போட்டியாளர்கள் என்பது வழக்கமான பதில். அதில் உண்மை உண்டு, ஆனால் போதாது. மனிதர்களின் குணத்துக்கு முன்பே நிகழ்ச்சியின் அமைப்பு பாதி முடிவைச் செய்துவிட்டது என்பது என் கருத்து. ரகசியம் யார் கையில் இருக்கிறது, தோற்றால் யாருக்கு நஷ்டம் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

பெரும் பணம் தொலைக்காட்சிக்குள் நுழைந்த வழியில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. பரிசு கொடுக்கும் ஒலிபரப்பு நிகழ்ச்சிகள் லாட்டரிச் சீட்டுக்குச் சமம், ஆகவே தடை செய்ய வேண்டும் என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் முயன்றது. 1954-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. பங்கேற்பவர் தன் பணத்தைக் கட்டுவதில்லை, எனவே இது லாட்டரி ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். மறு ஆண்டே, 1955 ஜூன் 7 அன்று, சிபிஎஸ்ஸில் 'தி 64,000 டாலர் கொஸ்டின்' தொடங்கியது. அதை உருவாக்கியவர் லூயிஸ் கோவன். வானொலியில் ஒரு டாலரில் தொடங்கி இரட்டித்து 64 டாலரில் முடிந்த பழைய போட்டியொன்றை எடுத்து, அதன் உச்சத்தை ஆயிரம் மடங்கு ஆக்கினார். விளம்பரதாரர் ரெவ்லான் அழகுசாதன நிறுவனம். நிகழ்ச்சி தொடங்கிய ஆண்டிலேயே ரெவ்லானின் விற்பனை முந்தைய ஆண்டைவிடப் பாதிக்கு மேல் கூடியது.

நேர்மைக்கு அத்தாட்சியாக அந்த மேடையில் எத்தனை பொருள்களை அடுக்கினார்கள் என்று பார்க்க வேண்டும். கேள்விகள் வங்கிப் பெட்டகத்தில் வைக்கப்பட்டிருந்ததாகச் சொல்லி, வங்கி அதிகாரி ஒருவரே உறையோடு மேடையில் நிற்பார். பக்கத்தில் காவலர்கள். கேள்வி அட்டைகளைப் பிரிக்க ஐபிஎம் இயந்திரம். யாரும் சைகை காட்டிவிடாதபடி போட்டியாளரை அடைக்கக் கூண்டு. இவ்வளவு பூட்டும் காவலும் வெளியிலிருந்து வரும் திருடனுக்காகப் போடப்பட்டவை. பெட்டகத்தின் சாவியோ தயாரிப்பாளரிடமே இருந்தது. விடையை அறிந்தவர் அவர், யார் வெல்ல வேண்டும் என்ற ஆசை கொண்டவரும் அவரே. எந்தப் பரிசோதனைக்கும் உட்படாத ஒரே மனிதரும் அவர்தான்.

ரெவ்லான் நிகழ்ச்சியில் விடையை நேரடியாகக் கொடுப்பதைவிட நுட்பமான வழியும் இருந்தது. போட்டியாளரைத் தேர்வு செய்யும்போதே நீண்ட நேர்காணல் நடத்தி, அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று அளந்து வைத்துக்கொள்வார்கள். இருக்க வேண்டியவருக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து கேள்வி வரும், போக வேண்டியவருக்குத் தெரியாத பக்கத்திலிருந்து. யார் இருக்க வேண்டும், யார் போக வேண்டும் என்பதை ரெவ்லான் அதிகாரிகளுடன் வாரந்தோறும் நடந்த கூட்டங்களில் பேசினார்கள். குத்துச்சண்டையைத் தன் துறையாக எடுத்துக்கொண்டு வந்த உளவியலாளர் ஜாய்ஸ் பிரதர்ஸ் விளம்பரதாரருக்குப் பிடிக்காதவர், அவரை வெளியேற்றக் கடினமான கேள்விகள் போடப்பட்டன என்று சொல்லப்படுகிறது. அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்திருந்தார். 1955 டிசம்பரில் முழுத் தொகையையும் வென்றார். அந்தக் காலத்தின் உண்மையான வெற்றிகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

'ட்வென்ட்டி ஒன்' இன்னும் வெளிப்படையாகச் செய்தது. நடத்துநர் ஜாக் பேரி, தயாரிப்பாளர் டான் என்ரைட். இருவர் இரண்டு கூண்டுகளில் நிற்பார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. ஒன்றிலிருந்து பதினொன்றுவரை கடினத்தின் படி புள்ளிகள், முதலில் 21-ஐ எட்டியவருக்கு வெற்றி. புள்ளி வித்தியாசத்துக்கு ஏற்பப் பணம். சமநிலை வந்தால் அடுத்த ஆட்டத்தில் புள்ளிக்கான விலை கூடும். காகிதத்தில் அழகான விதிகள். முதல் ஒளிபரப்பில் எந்த முன்னேற்பாடும் இல்லை. இரண்டு பேரும் கேள்விக்குக் கேள்வி தவறவிட்டார்கள். மறுநாள் காலையிலேயே விளம்பரதாரர் தொலைபேசியில் வந்து, இப்படி ஒன்று இனி நடக்கவே கூடாது என்று கத்தியதாக என்ரைட் பின்னாளில் சொன்னார். விளம்பரதாரர், 'ஜெரிட்டால்' என்ற சத்து டானிக் விற்ற நிறுவனம்.

இந்தச் சம்பவத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அறிவுப் போட்டியை நேர்மையாக நடத்தினால் என்ன ஆகும் என்பதை அந்த ஒரு ராத்திரி காட்டிவிட்டது. மனிதர்களுக்கு அநேக விஷயங்கள் தெரியாது. தெரிந்தால் சட்டென்று சொல்லிவிடுவார்கள், தெரியாவிட்டால் விழிப்பார்கள். இரண்டிலும் நாடகம் இல்லை. வாரம் தவறாமல், அரை மணி நேரத்துக்குள், விளம்பர இடைவேளைக்குத் தோதாக உச்சத்தை எட்டும் அறிவு என்று எதுவும் உலகத்தில் கிடையாது. அதை வாங்கித் தருவதாக என்ரைட் விற்றுவிட்டிருந்தார். இல்லாத சரக்கை விற்றவர் அதைத் தயாரித்துத்தான் ஆக வேண்டும்.

ஹெர்ப் ஸ்டெம்பல் அப்படித் தயாரிக்கப்பட்டவர். ராணுவத்தில் இருந்துவிட்டு நியூயார்க் நகரக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். மனைவி, குழந்தையோடு குயின்ஸ் பகுதியில் வாழ்ந்தார். நினைவாற்றல் அபாரம். விடை கொடுக்காமலே அவர் நன்றாக ஆடியிருக்கக்கூடும். என்ரைட் அவர் வீட்டுக்கே வந்து, கேள்வி அட்டைகளை எடுத்துப் போட்டு, இருபத்தையாயிரம் டாலர் ஜெயிக்க விருப்பமா என்று கேட்டார். பிறகு அவரை ஒரு பாத்திரமாகச் செதுக்கினார்கள். பழைய, அளவு பொருந்தாத கோட்டு. ஒட்ட வெட்டிய தலைமுடி. மலிவுக் கைக்கடிகாரம். மற்றவர்கள் நடத்துநரை 'ஜாக்' என்று கூப்பிடலாம், இவர் மட்டும் 'மிஸ்டர் பேரி' என்றுதான் சொல்ல வேண்டும். வியர்வையை அழுத்தித் துடைக்கக் கூடாது, கைக்குட்டையால் ஒற்றி எடுக்க வேண்டும். கூண்டுக்குள் காற்றோட்டத்தையும் நிறுத்திவிடுவார்கள், வியர்வை மட்டும் நிஜமாக இருக்கும்.

அவர் மேல் மக்களுக்கு அலுப்புத் தட்டியது. கவிஞர் மார்க் வான் டோரனின் மகன், அழகர், நல்ல குடும்பம், நல்ல உச்சரிப்பு எனச் சார்லஸ் கிடைத்ததும் ஸ்டெம்பலுக்கு நேரம் முடிந்தது. 1956 டிசம்பர் 5 அன்று தோற்கும்படி உத்தரவு. 1955-ன் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருது எதற்கு என்பது கேள்வி. விடை 'மார்ட்டி'. அவர் பலமுறை பார்த்து மனதில் வைத்திருந்த படம் அது. பிராங்க்ஸ் பகுதியின் கசாப்புக் கடைக்காரர் ஒருவரின் தனிமையைப் பற்றிய எளிய கதை. வேறு எந்தக் கேள்வியில் வேண்டுமானாலும் தோற்கிறேன், இதில் வேண்டாம் என்று கேட்டுப்பார்த்தார். விடவில்லை. 'ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்' என்று தப்பான விடையைச் சொல்லிவிட்டு 49,500 டாலரோடு இறங்கினார். ஏழைத் தோற்றத்தை மாட்டிவிட்டு, அந்த ஏழைக்கு மிகவும் தெரிந்த ஒன்றைத் தெரியாதென்று ஊர் முன்னால் சொல்ல வைத்தது பண மோசடியைவிடப் பெரிய கொடுமை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வான் டோரனைச் சம்மதிக்க வைத்தவர் மற்றொரு தயாரிப்பாளரான ஆல்பர்ட் ஃப்ரீட்மன். இது வெறும் பொழுதுபோக்கு, எல்லோரும் செய்வதுதான், ஆசிரியத் தொழிலுக்கும் படிப்புக்கும் நாட்டில் மரியாதை கூடும் என்றெல்லாம் அவர் எடுத்துச் சொன்னார். 1957 மார்ச் 11 அன்று விவியன் நியரிங் என்ற வழக்கறிஞரிடம் தோற்று வெளியேறும்போது வான் டோரனின் கையில் 129,000 டாலர் இருந்தது. என்பிசி அவரை ஆண்டுக்கு 50,000 டாலர் சம்பளத்தில் வேலைக்கும் எடுத்துக்கொண்டது.

இந்த ஆர்ப்பாட்டத்துக்குப் பக்கத்தில் 'வாட்ஸ் மை லைன்?' நிகழ்ச்சியை வைத்துப் பார்ப்போம். மார்க் குட்சன், பில் டாட்மன் இருவரும் தயாரித்தது. வருகிறவர் கரும்பலகையில் பெயர் எழுதிவிட்டு டேலியின் பக்கத்தில் உட்காருவார். உடனே அவர் தொழில் என்ன என்பது திரையில் எழுத்தாக வந்துவிடும், பார்க்கிறவர்களுக்கு மட்டும். முதல் நிகழ்ச்சியில் வந்தவர்களில் ஒரு பெண், இரவு விடுதியில் விருந்தினர்களின் தொப்பியையும் கோட்டையும் வாங்கி வைப்பவர். குழு வாங்கும் ஒவ்வொரு 'இல்லை'க்கும் டேலி ஓர் அட்டையைப் புரட்டுவார், வந்தவருக்கு ஐந்து டாலர். பத்து 'இல்லை' விழுந்தால் ஆட்டம் முடிந்தது, மொத்தப் பரிசு 50 டாலர். நேரம் போதாதபோது டேலி மிச்ச அட்டைகளையும் தானே புரட்டிப்போட்டு முழுத் தொகையையும் கொடுத்துவிடுவார். யாரும் ஆட்சேபித்ததில்லை. ஆட்சேபிக்க அங்கே என்ன இருக்கிறது?

குழுவில் பத்திரிகைப் பத்தியாளர் டோரத்தி கில்காலன், நடிகை ஆர்லீன் பிரான்சிஸ், ரேண்டம் ஹவுஸ் பதிப்பக நிறுவனர்களில் ஒருவரான பென்னட் செர்ஃப் ஆகியோர் நீண்ட காலம் இருந்தார்கள். மாலை விருந்துக்குப் போகிறவர்களைப் போன்ற உடை. நடத்துநர் டேலி செய்தியாளராகப் பேர் பெற்றவர், பேர்ல் துறைமுகத் தாக்குதலை வானொலியில் அறிவித்த குரல் அவருடையது. ஸ்டீவ் ஆலன் குழுவில் இருந்த காலத்தில், ஒரு பொருள் ரொட்டிப் பெட்டியைவிடப் பெரியதா என்று கேட்டு, அந்தக் கேள்வியே ஊர்வழக்காகிவிட்டது. இந்தக் கேள்விகளுக்கு மேதாவித்தனம் தேவையில்லை. ஒன்றைச் சுற்றிவளைத்து, வட்டத்தைக் குறுக்கிக்கொண்டே வரும் பொறுமைதான் தேவை. அறிவை ஒரு கிடங்காகக் காட்டியது வினாடி வினா. அதையே ஒரு செயலாகக் காட்டியது இந்தக் குழு. பிந்தியதைத்தான் நான் கல்விக்கு நெருக்கமானதாக நினைக்கிறேன்.

இப்போது அந்த இரண்டு கேள்விகளைப் போட்டுப் பார்க்கலாம். ரகசியம் யார் கையில்? குழு நிகழ்ச்சியில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் கோடிக்கணக்கானோர் கையில். தயாரிப்பாளருக்குத் தெரிந்த எல்லாம் அவர்களுக்கும் தெரியும், அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிக்க மிச்சம் இல்லை. தோற்றால் யாருக்கு நஷ்டம்? யாருக்கும் இல்லை. கண்டுபிடித்தால் கைதட்டல், முடியாவிட்டால் சிரிப்பு. இரண்டும் விளம்பரதாரருக்குச் சம்மதம். குழு எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டால்தான் அவருக்குக் கவலை. ஏமாற்றுவதற்கு ஒரு காரணமாவது வேண்டும். அந்த அமைப்பு அதைக் கொடுக்கவில்லை.

குட்சன், டாட்மன் தயாரிப்பிலேயே 'ஐவ் காட் எ சீக்ரெட்' என்ற இன்னொன்று 1952 முதல் ஓடியது. நடத்துநர் கேரி மூர். 1956 பிப்ரவரி 9 அன்று அதில் சாமுவேல் சீமோர் என்ற 95 வயது முதியவர் வந்தார். நியூயார்க்கில் தங்கியிருந்த விடுதியில் விழுந்து கண்ணருகே வீங்கியிருந்தது. வராமல் இருந்துவிடலாம் என்று சொல்லியும் அவர் வந்தே தீருவேன் என்றதாக மூர் விளக்கினார். கேள்விகள் மெல்ல நகர்ந்து 1865 ஏப்ரல் 14 இரவுக்கு வந்து சேர்ந்தன. ஐந்து வயதுப் பையனாக ஃபோர்டு நாடக அரங்கில் உட்கார்ந்திருந்தபோது ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டதைப் பார்த்தவர் அவர். மாடத்திலிருந்து குதித்து விழுந்த மனிதரைப் பார்த்து, அடிபட்டிருக்குமே என்று அந்தக் குழந்தை கவலைப்பட்டது. அவர்தான் கொலைகாரர் என்று குழந்தைக்குத் தெரியாது. சீமோருக்குக் கிடைத்தது 80 டாலரும், சிகரெட் பிடிக்காதவர் என்பதால் ஒரு டப்பா சுங்கான் புகையிலையும். இரண்டு மாதத்தில், ஏப்ரல் 12 அன்று, காலமானார். 64,000 டாலர் மேடையில் அந்த மனிதருக்கு இடமே இருந்திருக்காது. போட்டி போட அவரிடம் எதுவும் இல்லை. அவரே ஒரு சாட்சியம்.

1957 ஜூலையில் அதே நிகழ்ச்சிக்கு வந்த ஒருவரைக் குழுவால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பதினாலு வயதில் மின்னணுத் தொலைக்காட்சியைக் கற்பனை செய்து, 1927-ல் சான் பிரான்சிஸ்கோவில் முதல் படத்தை அனுப்பிக் காட்டிய ஃபைலோ ஃபார்ன்ஸ்வர்த் அவர். தொலைக்காட்சியில் பிழைத்துக்கொண்டிருந்த நால்வருக்கு அதைக் கண்டுபிடித்தவரைத் தெரியவில்லை. அவருக்கும் 80 டாலர், கூடவே வின்ஸ்டன் சிகரெட் பெட்டி. பிறகு மூர் அவரிடம் பேச்சுக்கொடுத்தார். அப்போது 525 கோடுகளாக இருந்த படத்தை 2,000 கோடுகளுக்கு மேல் கொண்டுபோவது பற்றியும், சுவரில் மாட்டும் தட்டைத் திரை பற்றியும் அவர் நிதானமாக விளக்கினார். சில நிமிடங்கள்தான். ஆனால் 'ட்வென்ட்டி ஒன்' தன் ஆயுள் முழுக்கக் காட்டிய அறிவைவிட அதில் அதிகம் இருந்தது.

பொய்யையே விதியாக வைத்த குழு நிகழ்ச்சியும் உண்டு. 'டு டெல் தி ட்ரூத்' 1956 டிசம்பர் 18 அன்று, ஸ்டெம்பல் தோற்றுப் பதிமூன்று நாள் கழித்துத் தொடங்கியது. மூன்று பேர் வந்து ஒரே பெயரைச் சொல்வார்கள். ஒருவர் மட்டும் உண்மையானவர், அவர் உண்மையே பேசக் கடமைப்பட்டவர். மற்ற இருவரும் எப்படி வேண்டுமானாலும் புளுகலாம். குழு விசாரித்து வாக்களித்த பிறகு நிஜ ஆள் எழுந்து நிற்பார். இங்கே பொய் இருந்தது, மோசடி இல்லை. பொய் சொல்லப்போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டுச் சொன்னார்கள்.

இதற்காகக் குழு நிகழ்ச்சிகளைப் புனிதமாக்க நான் தயாரில்லை. 'வாட்ஸ் மை லைன்?' நிகழ்ச்சியின் நிர்வாகத் தயாரிப்பாளர் கில் ஃபேட்ஸ் 1978-ல் எழுதிய நூலில் ஒரு பழக்கத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார். வரப்போகிறவரின் தொழிலைச் சொல்லாமல், இந்தத் திசையில் கேள்வி கேட்டுப்பாருங்கள் என்று குழுவினருக்கு முன்கூட்டியே ஒரு வழி காட்டுவார்கள். விடை தெரிந்த பார்வையாளர்களுக்கு அந்தக் கேள்வி விரசமாகவோ வேடிக்கையாகவோ ஒலிக்கும். கேட்பவருக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. வினாடி வினா ஊழல் வெடித்த பிறகு இந்த வழக்கம் நின்றது. விளைவில் சிறியதுதான், ஆனால் வேர் ஒன்றே. தானாக வர வேண்டிய சிரிப்பை நேரத்துக்கு வரவழைக்கும் அவசரம் இங்கும் இருந்திருக்கிறது.

அதைவிடப் பெரிய களங்கம் வேறு. கவிஞரும் தொகுப்பாசிரியருமான லூயி அன்டர்மயர் ஆரம்பக் குழுவில் இருந்தவர். இடதுசாரி அமைப்புகளுக்குக் கையெழுத்துப் போட்டவர் என்பதற்காகக் கடிதங்களும் எதிர்ப்புகளும் குவிந்தன. விளம்பரதாரர் நடுங்கினார், 1951-ல் அவரை நீக்கிவிட்டார்கள். அந்த இடத்துக்குத்தான் பென்னட் செர்ஃப் வந்தார். அன்டர்மயர் பல மாதங்கள் வீட்டைவிட்டு வெளியே வராமல் முடங்கிக்கிடந்தார் என்று அவருடைய நண்பர், நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆட்டம் நேர்மையாக நடந்த மேஜையில் யார் உட்காரலாம் என்ற முடிவு நேர்மையாக எடுக்கப்படவில்லை. இதற்காக அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் எந்தக் குழுவும் விசாரணை வைக்கவில்லை. அந்த அச்சத்தை வளர்த்ததே காங்கிரஸ் குழுக்கள்தான்.

வினாடி வினாவின் வீழ்ச்சி ஒரு நோட்டுப்புத்தகத்தில் தொடங்கியது. 'டாட்டோ' என்ற பகல் நேர நிகழ்ச்சியில் தன் முறைக்காகக் காத்திருந்த ஒருவர், போட்டியிட்டுக்கொண்டிருந்த பெண்ணின் குறிப்பேட்டைப் பார்த்தார். விடைகள் வரிசையாக எழுதியிருந்தன. புகார் போயிற்று, 1958 ஆகஸ்டில் நிகழ்ச்சி திடீரென்று நிறுத்தப்பட்டது. ஸ்டெம்பல் முந்தைய ஆண்டே பத்திரிகைகளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவதூறு வழக்குக்குப் பயந்து யாரும் அச்சிடவில்லை. இப்போது அச்சிட்டார்கள். 'ட்வென்ட்டி ஒன்' அக்டோபரில் நின்றது, 'தி 64,000 டாலர் கொஸ்டின்' நவம்பரில்.

ஆனால் சான்று? ஸ்டெம்பலைத் தோற்ற ஆத்திரத்தில் பேசுகிறார் என்று தள்ளிவிட முடிந்தது. ஜேம்ஸ் ஸ்னாட்கிராஸ் என்ற ஓவியரைத் தள்ள முடியவில்லை. 1957 மே மாதம் தனக்குக் கொடுக்கப்பட்ட கேள்விகளையும் விடைகளையும் எழுதி, ஒளிபரப்புக்கு முன்பே தன் முகவரிக்குத் தானே பதிவுத் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் வைத்திருந்தார். அஞ்சல் முத்திரையில் தேதி இருந்தது. இரண்டு ஆண்டு கழித்துக் காங்கிரஸ் விசாரணையில் அந்த உறைகள் திறக்கப்பட்டன. வங்கிப் பெட்டகமும் காவலர்களும் தராத அத்தாட்சியைச் சாதாரணத் தபால் நிலையம் தந்தது.

மன்ஹாட்டனில் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் ஜோசப் ஸ்டோன் நடத்திய விசாரணையில் ஏறக்குறைய 150 பேர் பெருநடுவர் குழு முன் சத்தியம் செய்து சாட்சி சொன்னார்கள். அவர்களில் உண்மை பேசியவர்கள் சுமார் 50 பேர் என்பது அவருடைய கணிப்பு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விடையை முன்கூட்டியே கொடுப்பது அப்போது குற்றமே இல்லை, அதைத் தடுக்கும் சட்டம் கிடையாது. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருவருக்கும் தண்டனை இல்லை. ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் படித்தவர்களும் தங்கள் பெயரைக் காப்பாற்றப் பொய்ச் சத்தியம் செய்தார்கள். குற்றமில்லாத இடத்தில் குற்றத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். மேடையில் ஒத்திகை பார்த்த பொய், மேடை கலைந்த பிறகும் அவர்களை விடவில்லை.

வான் டோரன் அவர்களில் ஒருவர். 1959 நவம்பர் 2 அன்று ஓரன் ஹாரிஸ் தலைமையிலான காங்கிரஸ் துணைக்குழு முன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். உறுப்பினர்கள் பலர் அவருடைய துணிச்சலைப் பாராட்டினார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டீவன் டெரூனியன் மட்டும், இவ்வளவு படித்தவர் உண்மை சொன்னதற்குப் பாராட்டு எதற்கு என்ற பொருளில் பேசினார். அரங்கில் இருந்தவர்கள் அதற்குத்தான் கை தட்டினார்கள். அன்றே கொலம்பியாவில் வான் டோரனின் வேலை போயிற்று, அடுத்து என்பிசி வேலையும். 1962-ல் பொய்ச் சாட்சிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை பெற்றார். பிறகு என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்காவில் பல காலம் வேலை பார்த்தார். 2008-ல் 'தி நியூயார்க்கர்' இதழில் எழுதும்வரை இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

1959 அக்டோபரில் சிபிஎஸ் தலைவர் ஃபிராங்க் ஸ்டான்டன் பெரும்பரிசு வினாடி வினாக்களைத் தன் அலைவரிசையிலிருந்து நீக்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் லூயிஸ் கோவனும் பதவி விலகினார். 64,000 டாலர் நிகழ்ச்சியின் வெற்றி அவரைச் சிபிஎஸ் தொலைக்காட்சியின் தலைவராகவே உயர்த்தியிருந்தது. அதுவரை ஒரு நிகழ்ச்சி முழுக்க ஒரே விளம்பரதாரரின் சொத்தாக இருப்பது வழக்கம். அந்த முறை தளர்ந்து, நிகழ்ச்சிகள் நிறுவனங்களின் கட்டுப்பாட்டுக்கு வந்தன, விளம்பரம் நிமிடக் கணக்கில் விற்கப்பட்டது. 1960 செப்டம்பரில் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டத் திருத்தம், அறிவு, திறமை, அதிர்ஷ்டம் சார்ந்த ஒளிபரப்புப் போட்டிகளில் முடிவை முன்கூட்டித் தீர்மானிப்பதைக் குற்றமாக்கியது.

விடை கொடுப்பது பாவமாகிவிட்ட அந்தச் சூழலில்தான் 'ஜெப்பர்டி!' பிறந்தது. அதை உருவாக்கிய மெர்வ் கிரிஃபின் விமானத்தில் போய்க்கொண்டிருந்தபோது, விடையை நீங்களே கொடுத்துவிட்டால் என்ன என்று அவர் மனைவி ஜூலான் கேட்டார். '5,280' என்றார். ஒரு மைலுக்கு எத்தனை அடி என்றார் கிரிஃபின். 1964 மார்ச்சில் நிகழ்ச்சி தொடங்கியது. கேள்விகள் அதிகம், ஒவ்வொன்றுக்கும் தொகை குறைவு, வேகம் கூடுதல். ஒற்றைக் கேள்வியின் மேல் எல்லாப் பாரத்தையும் ஏற்றும் பழைய வடிவத்திலிருந்து அது விலகி நின்றது. அதன் நீண்ட ஆயுளுக்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கேள்விக்குக் கேள்வி தொகை ஏறும் பழைய ஏணி வடிவம் 1998-ல் பிரிட்டனில் 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்?' என்ற பெயரில் திரும்பி வந்தது. சூர்யா 2012-ல் விஜய் தொலைக்காட்சியில் நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' அந்த வம்சம்தான். பிரிட்டன் நிகழ்ச்சியிலும் ஒரு மோசடி நடந்தது, ஆனால் திசை மாறியிருந்தது. 2001-ல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி சார்லஸ் இங்ரம், அரங்கிலிருந்து வந்த இருமலைச் சைகையாகக் கொண்டு பத்து லட்சம் பவுண்டு வென்றார் என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களே போலீசுக்குப் போனார்கள். 2003-ல் அவருக்குத் தண்டனை கிடைத்தது. நிகழ்ச்சி மக்களை ஏமாற்றிய காலம் போய், போட்டியாளர் நிகழ்ச்சியை ஏமாற்றினார் என்ற வழக்கு.

'ட்வென்ட்டி ஒன்' ஒளிபரப்பின் படச்சுருளைக் காங்கிரஸ் விசாரணையில் ஓட்டிக் காட்டினார்கள். ஸ்டெம்பலின் சாட்சியத்தோடு அது ஒரு தடயப் பொருளாகிவிட்டது. 'வாட்ஸ் மை லைன்?' சுருள்களின் கதை வேறு. பழையவற்றைச் சிபிஎஸ் அழித்துவருகிறது என்று 1952-ல் தெரிந்ததும், குட்சனும் டாட்மனும் தங்கள் பணத்தைக் கொடுத்து அதற்குப் பிறகான நிகழ்ச்சிகளைப் பாதுகாத்தார்கள். அதனால் டாலியின் அந்த ஞாயிறை இன்றும் பார்க்க முடிகிறது. 1967 செப்டம்பர் 3 அன்று நிகழ்ச்சி முடிவுக்கு வந்தபோது டாலியைப் போலக் குழு கண்ணைக் கட்டிக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டிய கடைசி மர்ம விருந்தாளி ஜான் டேலியே. கேள்விகளை நெறிப்படுத்துவதும் குரலை மாற்றிப் பதில் சொல்வதுமாக இரண்டு வேலையையும் அவரே செய்தார். குழு கண்டுபிடித்துவிட்டது.